ரோஸி மேரி உட்கார ஒரு படம்

மேற்குச் சூரியனை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினான் ஜான் பீட்டர். கணினித் திரையில் இருந்த வீட்டின் தாழ்வாரத்தில் தூண்களின் நிழல் நீண்டு படுத்தது.

அரியூர்ச் சாலையோரத்து வாடகை வீட்டில் இருந்துகொண்டு, இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் படமாக்கித் தருவது அவன் தொழில். "உன் படத்தப் பாத்தா கஸ்டமரு செருப்பக் கழட்டிட்டு உள்ள போயிடுவான் போலக்குதுபா" என்று பில்டர் புகழ்வேந்தன் சொல்வார். ஆளில்லாத வீடு படத்தில் எடுபடாது. கணினியில் கிடைக்கும் ஆட்களோ நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வெள்ளைக்காரர்கள். அதனால் வில்லியனூர்ச் சந்தையிலும் மாதா கோயில் திருவிழாவிலும் கேட்டு எடுத்த போட்டோக்களிலிருந்து ஆட்களை வெட்டிச் சேர்த்து வைத்திருந்தான். பெயர் தெரியாத அவர்கள்தான் அவன் படங்களில் குடியிருந்தார்கள்.

இந்த வீடு மட்டும் அவனுடையது. மனைவி ரோஸி மேரி ஏழு வருடமாகக் குவைத்தில் நர்ஸ். வாங்கிப்போட்ட மனையில் நான்கு மூலைக்கல்லும் கருவேல முள்ளும்தான் இருந்தன. திரையில் மட்டும் வீடு வருடத்துக்கு வருடம் வளர்ந்துகொண்டிருந்தது. இந்த முறை கிறிஸ்துமஸ் போட்டோ ஒன்றிலிருந்து அவளை வெட்டி, அடுப்படி ஜன்னலோரம் நிற்க வைத்து அனுப்பினான்.

சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள்.

"இன்னாங்க, அங்கயும் என்ன நிக்கவா வெச்சிருக்கீங்க?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"பன்னண்டு மணி நேரம் நிக்கறேங்க. நம்ம வூட்லயாச்சும் உக்கார வைங்க."

சின்ன விஷயம்தானே என்று பழைய போட்டோக்களைத் திறந்தான். கல்யாண மேடையில் நாற்காலி இருந்தது. வந்தவர்களுக்காக எழுந்து நின்றிருந்தாள். அக்கா மகளின் ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றாள். விமான நிலையத்தில் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றாள். பன்னிரண்டு வருடப் படங்களில் ஒன்றில்கூட அவள் உட்கார்ந்திருக்கவில்லை. முக்கால்வாசியும் அவனே எடுத்தவை. ஒரு தடவையாவது உட்காரச் சொன்னோமா என்று யோசித்துப் பார்த்தான். நினைவு வரவில்லை.

"உக்காந்தமாரி ஒரு போட்டோ அனுப்பு ரோஸி."

"யாரு எடுப்பா?"

"ரூம்ல நாலு பேரு இருக்கீங்களே?"

"ஆளுக்கு ஒரு டூட்டிங்க. ஒருத்தி வரும்போது ஒருத்தி போயிடுவா."

மூன்றாம் நாள் போட்டோ வந்தது. போனை எதிலோ சாய்த்துவைத்து எடுத்திருந்தாள். அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் உட்கார்ந்திருந்தாள். மேல்தட்டு தலையில் இடிக்காமலிருக்கக் கழுத்து முன்னால் வளைந்திருந்தது. கீழ்த்தட்டில் படுக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். ஏழு வருடமாக இப்படித்தான் உட்காருகிறாள் என்பது தெரியாது.

கட்டிலை அழித்தான். இரும்பு ஏணியை, காயப்போட்ட துண்டை, சுவரை எல்லாம் அழித்தான். அவளை மட்டும் எடுத்துத் தாழ்வாரத்து நாற்காலியில் வைத்தான். வெயில் சரியாக விழுந்தது. கழுத்து மட்டும் அப்படியே இருந்தது. பத்தடிக் கூரையைப் பன்னிரண்டாக்கினான். பதினான்காக்கினான். தலைக்கு மேலே அவ்வளவு இடம் கிடந்தும் அவள் குனிந்தே இருந்தாள்.

அந்தப் படத்தை அவன் அனுப்பவில்லை. மறுநாள் காலையில் கொடுவாளோடு மனைக்குப் போய்த் தாழ்வாரம் வரவேண்டிய இடத்து முள்ளை வெட்டினான். கையெல்லாம் கீறியது. சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அவளை வீடியோவில் கூப்பிட்டான்.

"இன்னாங்க, எங்க இருக்கீங்க?"

"நம்ம வூட்ல."

"எப்பதாங்க கட்டுவோம்?"

"லீவு குடுத்தாங்களா?" என்று கேட்டான்.

"கேட்டிருக்கேன். இந்த வருஷமும் தருவாங்களான்னு தெரியல."

"சரி, செத்த நேரம் உக்காரு."

போனை நாற்காலியின் மேல் வானத்தைப் பார்க்க மல்லாத்தி வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றான். ஊசுட்டேரிப் பக்கமாகக் கொக்குகள் போய்க்கொண்டிருந்தன. போனிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. இருக்கிறாளா, லைன் போய்விட்டதா என்று எட்டிப் பார்க்க நினைத்தான். பார்த்தால் தன் தலை அவளுக்கு மேலிருக்கும் வானத்தை மறைத்துவிடும் என்று அங்கேயே நின்றான்.