வெள்ளைக்காரம்மா கை நனைத்தாள்

சக்கரவர்த்தி யாரையும் நம்புகிற ஆள் இல்லை. புளி வாங்க வருகிற வியாபாரியின் தராசை நம்ப மாட்டார். ஓட்டுக் கேட்டு வருகிறவனின் கும்பிடை நம்ப மாட்டார். மலைமேல் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியிலேயே இனிப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுவார்கள், டென்மார்க்கிலிருந்து பணமும் சாமானும் கொடுத்து ஒரு நர்சம்மாவையும் அனுப்பியிருக்கிறார்கள் என்று கேட்டதும் அவர் சொன்னது இதுதான்.

"சும்மா குடுக்க அவன் இன்னா எனக்கு மச்சானா? இங்க சந்தன மரம் இருக்குதுல்ல, அதுக்குத்தான் வர்றான்."

ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. அவர் பெண்டாட்டி பெரியம்மாளுக்கு மார்பில் கட்டி வந்து, வேலூரில் அறுத்து எடுத்தாயிற்று. மீண்டும் வராமல் இருக்க மருந்து ஏற்ற வேண்டும். பாதிதான் ஏற்றியிருந்தது. ஒவ்வொரு தடவையும் வேலூர் பஸ் மலை வளைவுகளில் திரும்பத் திரும்பக் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பாள். கடைசியாகப் போய்வந்த அன்று, "இனிமே அந்த பஸ் ஏற மாட்டேன். செத்தா வூட்டுலயே சாவறேன்" என்று படுத்துவிட்டாள். பாதியில் விட்டால் நோய் திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதனால் ஆட்டோ வைத்துக் கூட்டிப் போனார். வெறுங்கையோடு போகவில்லை. தூக்குச் சட்டியில் கேழ்வரகுக் களி, மேலே ஒரு கிண்ணத்தில் புளி மிளகாய்த் துவையல், கூடவே ஒரு பாட்டில் மோர்.

அது அவர்கள் பக்கத்துப் பழக்கம். உன் வீட்டுக் களியில் கை நனைத்தவன் உனக்குக் கெடுதல் செய்ய மாட்டான். கெடுதல் நினைக்கிறவன் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவான். பெண் கொடுப்பதாக இருந்தாலும் வரப்புச் சண்டை தீர்ப்பதாக இருந்தாலும் முதலில் களி, அப்புறம்தான் பேச்சு.

டாக்டர் பெரியம்மாளைப் பார்த்து, மருந்து ஏற்றலாம் என்றார். சக்கரவர்த்தி சட்டியோடு நேராக மருந்து அறை வாசலுக்குப் போனார். உள்ளே உயரமாக ஒரு வெள்ளைக்காரி. நீல அங்கி, கையுறை, முகமூடி. கண் மட்டும்தான் தெரிந்தது. அவர் சட்டியைத் திறந்து நீட்டினார்.

அவள் இரண்டு கையையும் தூக்கி, தலையை வேகமாக ஆட்டி, ஓர் அடி பின்னால் போனாள்.

"பாத்தியா! பாத்தியா!" என்று கத்தினார் சக்கரவர்த்தி. "தின்ன மாட்டேங்கறா பாரு. எந்திரிம்மே, போலாம்."

பெரியம்மாள் பெஞ்சிலிருந்து அசையவில்லை. "எங்க போறது? பஸ்ஸுக்கா? நீ போயி ஏறு. நான் வரல."

உள்ளேயிருந்து இன்னொரு நர்ஸ் ஓடிவந்தாள். பக்கத்து ஊர் மோகனின் மகள் ரேணுகாதேவி.

"மாமா, இன்னா இது? அந்த ரூமுல ஒரு வாய் தண்ணிகூட குடிக்கக் கூடாது. மருந்து கையில பட்டிருந்தா வவுத்துக்குள்ள போயிடும்."

"ஓகோ! வவுத்துக்கு ஆவாத மருந்த எம் பொண்டாட்டி ரத்தத்துல ஏத்தறியா?"

"காட்டுல களைக்கு மருந்து அடிக்கறீங்கல்ல? அடிச்ச கையோட களி தின்னுவீங்களா?"

"அப்ப கை கழுவிக்கினு வெளிய வந்து தின்னச் சொல்லு," என்றார் சக்கரவர்த்தி.

ரேணுகாதேவி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். வெள்ளைக்காரியின் கண் பெரிதானது. கொஞ்ச நேரத்தில் அங்கி, கையுறை எல்லாம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். பேர் கிர்ஸ்டன். பெரியம்மாள் வாயில் அது கேத்தம்மா ஆனது. வராந்தாவுக்கு வெளியே புளிய மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள்.

களியை மெல்லக் கூடாது, துவையலில் தொட்டு அப்படியே விழுங்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னது? மென்றாள். களி பல்லில் ஒட்டிக்கொண்டது. துவையலின் காரம் ஏறி மூஞ்சி மிளகாய்ப் பழமாகிவிட்டது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். ஆனால் துப்பவில்லை. போராடி விழுங்கிவிட்டு, இன்னொரு வாய் கேட்டுக் கையை நீட்டினாள்.

பெரியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து விழுவதுகூடத் தெரியாமல் சிரித்தாள். முடி கொட்டிய தலையை யாருக்கும் காட்டாதவள். மோரை ஊற்றிக் கொடுத்து, "முழுங்கும்மா, முழுங்கு" என்று தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். இந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று சக்கரவர்த்திக்கே ஞாபகம் இல்லை.

"சரி," என்றார் சக்கரவர்த்தி. "இந்தம்மா ஊசி போடட்டும்."

"அவங்க போட மாட்டாங்க மாமா. நான்தான் போடுவேன். வேலூர்ல ஒரு வருஷம் அவங்ககிட்ட கத்துக்கினேன். நான் சரியா செய்யறேனான்னு பாக்கத்தான் கூட வந்திருக்காங்க. அடுத்த மாசம் ஊருக்குப் போயிடுவாங்க."

சக்கரவர்த்தி அதிர்ந்தார். இத்தனை பாடுபட்டு ஆளை மாற்றிச் சோதித்திருக்கிறார்.

"நீயா? ஆடு முட்டுதுன்னு மரத்துல ஏறி அழுதவதானே நீ?"

"ஆடு முட்டிச்சு, ஏறுனேன். குடுங்க." ஓர் உருண்டையை எடுத்துத் துவையலில் புரட்டி ஒரே விழுங்காக விழுங்கினாள். "போதுமா? கை கழுவிட்டு வர்றேன்."

"விடுய்யா," என்றாள் பெரியம்மாள். "விட்டா ஆஸ்பத்திரிக்கே பந்தி போடுவ."

ரேணுகாதேவி நரம்பைத் தடவிப் பார்த்து ஊசியை ஏற்றினாள். கேத்தம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள், கிட்டேயே வரவில்லை. பெரியம்மாள் முகம் சுளிக்கக்கூட இல்லை. ஊரில் எவளோ தங்கள் துவரைக் காட்டில் மாட்டை விட்டதைப் பற்றி ரேணுகாதேவியிடம் பாதி, சும்மா தலையாட்டிய கேத்தம்மாவிடம் பாதியாகப் பேசித் தீர்ப்பதற்குள் மருந்து இறங்கிவிட்டது. வெயில் சாய்வதற்குள் தன் காலாலேயே நடந்து வெளியே வந்தாள்.

"அடுத்த தடவ நீ வர வேணாம்," என்றாள் புருஷனிடம். "ரேணுகாகூட நானே வந்துக்கறேன். உன்ன இட்டாந்தாதான் தலவலி."

வராந்தாவில் பூபாலன் என்கிற கிழவர் சக்கரவர்த்தியின் தோளைத் தொட்டார். தன் பெண்டாட்டிக்கும் இதே நோய், இவர்களை நம்பலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

"நம்பாதே," என்றார் சக்கரவர்த்தி. "நான் நம்பல. பக்கத்துலயே நின்னு பாரு." ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு பெரியம்மாள் அவரைத் திட்டிக் கூப்பிடும் சத்தம் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். "ஆனா நாளைக்கே இட்டாந்துடு."