ரம்மில் ஊறிய திராட்சை

குடியை விட்ட பத்தொன்பது நாளில் கேக் மாஸ்டர் கண்டுபிடித்த ஒரே விஷயம், ஒரு சாயங்காலம் எவ்வளவு நீளம் என்பதுதான். முன்பெல்லாம் ஆறு மணிக்கு மேல் என்ன நடந்தது என்பதை அடுத்தவர்கள்தான் அவருக்குச் சொல்வார்கள். இப்போது ஆறு, ஆறேகால், ஆறரை என்று ஒவ்வொன்றையும் அவரே உட்கார்ந்து கழிக்க வேண்டியிருந்தது. போதாததற்கு நாக்கு இனிப்புக்கு அலைந்தது. ஒரு கல்யாணக் கேக்குக்காகச் செய்து வைத்திருந்த சர்க்கரை ரோஜாக்களில் ஏழு பூவைத் தின்றுவிட்டு, எறும்பின் மேல் பழியைப் போட்டார்.

பேக்கரியில் இதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. பல்லுக்கு மருந்து சாப்பிடுவதாகவும், அது முடியும்வரை குடிக்கக் கூடாதென்றும் சொல்லி வைத்திருந்தார். காரணம், அடுப்பு பார்க்கும் ரேடியோ. மனிதர் வாய்க்கு அப்படியொரு பெயர் வாங்கியவர். அவர் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் தெருக்கோடியைத் தொட்டுவிடும். யாருக்கும் தெரியாமல் விட்டால்தானே யாருக்கும் தெரியாமல் மறுபடி ஆரம்பிக்க முடியும்? வெட்கக்கேடுதான். ஆனால் மாஸ்டர் அந்த ஒரு கதவை மட்டும் ஒருக்களித்தே வைத்திருந்தார்.

வீட்டில் கதை வேறு. மனைவி துணிமணியை ஒரு பெட்டியில் அடுக்கிக் கதவோரம் வைத்துவிட்டாள். "இன்னொரு தடவை வாசனை வந்துச்சுன்னா அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். பின்னாடி வந்து நிக்காதீங்க" என்றாள். கத்தியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். மெதுவாகச் சொன்னதில்தான் பயந்தார்.

பத்தொன்பதாம் நாள் முதலாளி டிரம்மைத் திறக்கச் சொன்னார். பழக் கேக்குக்காக இரண்டு மாதமாக ரம்மில் ஊறிக்கொண்டிருந்த உலர்திராட்சை. அதைக் கையால் அடிவரை புரட்டி, ஒரு பிடி மென்று பார்த்து, பதம் சொல்வது மாஸ்டரின் வேலை. அவர் சொன்னால்தான் மறுநாள் மாவில் கலப்பார்கள். மூடியைத் திறந்ததும் வாசனை பழைய சிநேகிதன் மாதிரி தோளில் கை போட்டது. மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழங்கை வரை உள்ளே விட்டுப் புரட்டினார். ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. "பதமா இருக்கு" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வெளியே ஓடினார். பெருமை தாங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார், சட்டை முழுக்க ரம் வாசனையோடு.

கதவைத் திறந்த மனைவி ஒரே ஒரு தடவை மூச்சை இழுத்தாள். பெட்டியைத் தூக்கினாள்.

"குடிக்கல. பழம் புரட்டினேன்."

"பழம்."

"ஆமா. திராட்சை."

அவருடைய பொய்களெல்லாம் இதைவிடக் கச்சிதமானவை. இல்லாத ஒரு பெரியப்பாவை மூன்று தடவை அடக்கம் செய்திருக்கிறார். முதல் தடவை அவள் அழக்கூடச் செய்தாள். இப்போது உள்ளதைச் சொல்கிறார், அது அவர் காதுக்கே நம்பும்படியாக இல்லை.

"சந்தேகமா இருந்தா ரேடியோ அண்ணனைக் கேளு" என்றார். கேட்டாள், ஸ்பீக்கரில் போட்டு.

"அண்ணே, இன்னைக்குக் கடையில ரம்முல ஊறின பழத்தைப் புரட்டினாங்களா?"

ரேடியோவுக்கு யோசிக்க அரை விநாடிகூடத் தேவைப்படவில்லை. வீட்டிலிருந்து போன் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று மாஸ்டரே வருஷக்கணக்கில் பழக்கி வைத்திருந்தார்.

"ரம்மா? சத்தியமா இல்ல தங்கச்சி. நம்ம கடையில அந்தப் பேச்சுக்கே இடமில்ல. மாஸ்டர் காலையிலேருந்து பன்னுதான் போட்டாரு."

அவள் செருப்பை மாட்டினாள். மாஸ்டர் போனைப் பிடுங்கினார்.

"அண்ணே, எனக்காகப் பொய் சொல்லாதீங்க. பல்லுக்கு மருந்தெல்லாம் ஒண்ணுமில்ல. நான் குடிய விட்டுட்டேன். பத்தொன்பது நாளாச்சு. யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்குங்க. உள்ளதைச் சொல்லுங்க."

ரேடியோவின் குரல் மாறியது.

"அப்ப பழத்தை மென்னு பார்த்தது யாரு?"

"யாரும் பார்க்கல."

"பார்க்காமலா பதம்னு சொன்னே? நாளைக்கு அம்பது கிலோ மாவுல கொட்டப் போறோம்யா. கசந்திருந்தா என்ன பண்ணுவே? நீ குடி, குடிக்காம போ, அது உன் பாடு. தொழில்ல பொய் சொல்லலாமா?"

மூச்சு விடாமல் திட்டித் தீர்த்தார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவள் இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டே நின்றாள். பொய்க்குத் துணை போகிறவன் இப்படி வயிறெரிந்து திட்ட மாட்டான் என்று அவளுக்குப் பட்டது. செருப்பைக் கழற்றினாள்.

"நாளைக்கு யார் ருசி பார்ப்பாங்க?"

"தெரியல. என்னால முடியாது. வாயில போட்டா நிறுத்த மாட்டேன்."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடம்கூட.

"நான் வரேன்" என்றாள்.

மறுநாள் காலை பேக்கரியின் பின்கட்டில் முதலாளி, ரேடியோ, ரேடியோ உபயத்தில் சேதி எட்டியிருந்த பக்கத்துக் கடைக்காரர்கள் என்று ஒரு கூட்டம் நின்றது. வாழ்நாளில் மதுவைத் தொடாதவள் ஒரு பிடி திராட்சையை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். முகம் சுருங்கியது. கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"கசக்குதா தங்கச்சி?" என்றார் ரேடியோ.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இதுக்காங்க என்னைப் பதினாலு வருஷம் ராத்திரியெல்லாம் முழிச்சு உட்கார வெச்சீங்க?"

மாஸ்டர் அத்தனை பேர் முன்னாலும் நின்று அழுதார்.