வாடகை மாடுகள்

மடுல்கெல்லைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில், சிவமணியின் ஒற்றையறைக் காம்பராவில்தான் முதல் சாணி அடுப்பு எரிந்தது. யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம். வடக்கில் எங்காவது குண்டு வெடித்தால் கண்டி பஸ்ஸில் தமிழில் வாய்திறக்கவே ஆட்கள் பயந்தார்கள். அந்த நேரத்தில் கண்டியிலுள்ள எரிசக்தித் திட்டக் கந்தோரிலிருந்து மலையேறி வந்த யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன், "அக்கா, உங்கட மாடு போடுற சாணியிலையே சோறு காய்ச்சலாம். நான் செய்து காட்டுறன்" என்று சொன்னபோது வரிசை வீடுகள் கொண்ட அந்த லயமே சிரித்தது.

சிவமணியும் சிரித்தாள். ஆனால் ஈர விறகை ஊதி ஊதிக் கண் கெட்டவள் அவள். "சரிங்க தம்பி, குழிய எங்க வெட்டணும்?" என்று கேட்டாள்.

அம்பிகைபாகன் என்ற அந்த இளைஞன் சேற்றில் இறங்கி அவள் புருஷனோடு சேர்ந்து குழி வெட்டினான். தொட்டி கட்டி, சாணியைக் கரைத்து ஊற்றிக் காத்திருந்து, ஒருநாள் குழாயைத் திருகி நெருப்புக்குச்சியைக் காட்டினான். சாணியிலிருந்து வந்த வாயு புகையே இல்லாமல் நீலமாக எரிந்தது. சிரித்தவர்களெல்லாம் எட்டிப் பார்க்க வந்தார்கள். சிவமணி எல்லோருக்கும் அதே அடுப்பில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு லயத்தில் அவள் படி ஏறாத வீடில்லை. கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு போய்ப் பேசுவாள். மாடு இல்லாதவர்களை மாடு வாங்க வைத்தாள். பக்கத்து வீட்டு இராசமணி காதில் கிடந்ததை விற்றுப் பசு வாங்கியதும் அவள் பேச்சைக் கேட்டுத்தான்.

மாடுகளுக்குக் கவலையில்லை. லயத்துக்கு மேலே மலை முழுக்கப் புல். காலையில் ஓட்டிவிட்டால் பொழுது சாய அதுகளே இறங்கிவரும்.

அடுத்த வருஷம் அந்தப் புல்வெளியைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி வந்தது. உள்ளே வரிசையாக யூக்கலிப்டஸ் கன்றுகள். மரம் வளர்ந்ததும் வெட்டி எரித்து மின்சாரம் எடுக்கப் போகிறார்களாம். ஆலை பல்லேகலப் பக்கம் வருகிறதாம். வேலிக்குள் நுழைந்த மாட்டைக் காவலுக்கு நின்ற வாச்சர் பிடித்துக் கட்டிவைத்தான்.

அம்பிகைபாகன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"இது யார் தம்பி செஞ்ச வேலை?"

"எங்கட கந்தோர்தான் அக்கா. கீழ்மாடியிலை இருந்துகொண்டு நாங்கள் சாணி கேக்கிறம். மேல்மாடியிலை இருக்கிற ஆக்கள் புல்லை அடைக்கினம்."

"அப்ப மேல்மாடிக்கு ஏறிப் பேசுங்களேன்."

"ஓம், பேசுறன். திங்கட்கிழமை பெரியவரையே கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் மாட்டை மட்டும் வித்துப்போடாதேங்கோ."

திங்கட்கிழமை அவன் வரவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்துச் சோதித்தபோது அவன் பையில் றப்பர் குழாயும் காற்றழுத்தம் பார்க்கிற கருவியும் தோட்டத்தின் வரைபடமும் இருந்தன. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். புலியென்று சந்தேகித்துப் பொலிஸார் அங்கேயே இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள்.

இரண்டொரு நாளில் ஆமிக்காரர் லயத்துக்கு வந்தார்கள். அவன் வெட்டிய குழிகளில் எதைப் புதைத்தான் என்று கேட்டார்கள். "சாணிதாங்க மாத்தயா" என்றாள் சிவமணி. நம்பவில்லை. அலவாங்குக் கம்பியால் குத்திக் குத்தி அவள் தொட்டியின் மூடியைப் பிளந்தார்கள். உள்ளிருந்து சாணி பொங்கி முற்றத்தில் ஓடியது. மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

மற்ற வீடுகளில் தொட்டி தப்பியது, மாடு தப்பவில்லை. பகலெல்லாம் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வருகிற பெண்கள் எந்தக் காட்டுக்குப் போய்ப் புல் அறுப்பார்கள்? கட்டுகஸ்தோட்டை மாட்டு வியாபாரி நஸீமின் லொறி அடிக்கடி ஏறிவந்தது. இராசமணி தன் பசுவை ஏற்றிவிட்ட அன்று, "நீதானடி சொன்ன" என்றாள். அதற்குப் பிறகு தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் எதிர்ப்பட்டாலும் பேசுவதில்லை. சிவமணியும் கடைசியில் தன் செவலைப் பசுவை லொறியில் ஏற்றினாள்.

மழை விட்ட ஒருநாள் கந்தோர் ஜீப் வந்தது. இறங்கியவர் ஸ்ரீஸ்கந்தராசா, அம்பிகைபாகனுக்கு மேலதிகாரி. அவரும் யாழ்ப்பாணத்தவர்தான்.

"பிள்ளை, திட்டத்துக்கு உதவி செய்யிற வெளிநாட்டு ஆக்கள் நாளைக்கு வருகினம். நீர்தானே இங்கை சாணி அடுப்புக்காரருக்குத் தலைவி. அடுப்பைப் பத்தவைச்சுக் காட்டினால் போதும்."

"தொட்டி ஒடஞ்சி கெடக்கு. மாடும் இல்ல. எதவச்சிங்க பத்தவைக்கிறது?"

"அதெல்லாம் நாங்கள் பாப்பம்."

சிவமணி அவரை நேராகப் பார்த்தாள். "அந்தத் தம்பி ஒங்க ஆளுன்னு பொலிஸ்ல சொன்னீங்களா ஐயா?"

அவர் ஜீப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் இல்லை. இது நல்லபடி முடியட்டும். பிறகு நான் கட்டாயம் போய்ச் சொல்லுறன்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியவே ஆட்கள் வந்து தொட்டிக்குச் சீமெந்து பூசினார்கள். சுவருக்குப் பின்னால் காஸ் சிலிண்டர் ஒன்றை வைத்துச் சாக்கால் மூடி, குழாயை அடுப்போடு பொருத்தினார்கள். பிறகு நஸீமின் லொறி வந்தது. மாடுகளை இறக்கிய நஸீம் அவள் பக்கம் வந்தார்.

"தங்கச்சி, கோவிக்க வாணாம். மாடு வாடகைக்கு வேணுமெண்டு கந்தோரால சொன்ன. எங்களுக்கும் யாவாரம்தானே. பால் மாடெண்டு ஒங்கட செவலய நான் வெட்டக் குடுக்கல்ல. அதுவும் வந்தீக்கிது."

செவலை அவளைக் கண்டதும் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து தோளை முகர்ந்தது. சிவமணி அதன் நெற்றியைத் தடவினாள். வாகனச் சத்தம் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுப்பு எரிந்தது. வெளிநாட்டுப் பெண் ஒருத்தி கைதட்டினாள். சிவமணியையும் பசுவையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் பெண் ஏதோ கேட்க, ஸ்ரீஸ்கந்தராசா தமிழில் சொன்னார்: "இவ்வளவு மாட்டுக்கும் புல்லு எங்கையிருந்து எண்டு கேக்கிறா."

வேலி அங்கிருந்து பார்த்தாலே தெரியும். கையை நீட்டினால் போதும். சிவமணிக்கு அம்பிகைபாகனின் முகம் வந்து நின்றது.

"மேலேருந்துங்க. நெறைய இருக்கு" என்றாள்.

பொழுது சாயுமுன் லொறி மாடுகளை ஏற்றிக்கொண்டு போனது. சிலிண்டரையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

பல வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கண்டிக்குப் போனாள். ஸ்ரீஸ்கந்தராசா கதிரையில் இருக்கச் சொன்னார். அவள் நின்றுகொண்டே அம்பிகைபாகனைப் பற்றிக் கேட்டாள்.

"என்னாலை ஏலாது பிள்ளை. நானும் தமிழன். அவனுக்காக நான் போய் நிண்டால் என்னையும் பிடிப்பாங்கள். எனக்கும் குடும்பம் இருக்கு."

"அப்ப எதுக்குங்க என்னைப் பொய் சொல்ல வச்சீங்க?"

அவர் ஆறுதல் போலச் சொன்னார்: "நீர் சொன்னபடியால்தான் இன்னும் கன தோட்டங்களுக்குத் திட்டம் வந்திருக்கு."

அவர் சொன்னது உண்மைதான். தை பிறந்ததும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தோட்டத்துப் பெண்கள் சிலர் அவள் வீட்டைத் தேடி வந்தார்கள். அவள் படம் போட்டுக் கந்தோர் அச்சடித்த பளபளப்பான தாள் அவர்கள் கையில் இருந்தது. மாடு வாங்கலாமா, தொட்டி கட்டலாமா என்று கேட்டார்கள்.

சிவமணி ஒன்றையும் மறைக்கவில்லை. வேலி, சிலிண்டர், வாடகை மாடு, சிறையில் கிடக்கிற அந்தப் பிள்ளை, எல்லாவற்றையும் சொன்னாள். "ஒங்க மலையிலயும் வேலி வரும். காதுல கழுத்துல கெடக்குறத வித்துறாதீங்க" என்றாள்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவள் தாளை மடித்து மடியில் செருகினாள்.

"படத்துல இப்பிடிச் சிரிச்சிக்கிட்டு நிக்கிறீங்க. எங்களுக்குக் கெடைக்கப் போறதுன்னதும் ஒங்களுக்குப் பொறுக்கலயாக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

சிவமணி தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். யாரும் நிற்கவில்லை.