ஆணி அடித்த வாள்

யோகராசாவின் வாயில் "இல்லை" என்ற சொல் வராது. கேட்பவர் கேட்டு முடிக்கும் முன்பே "ஓம்" என்று தலையாட்டிவிடுவார். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை, ரொம்மன் தமிழ் மன்றத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றவரிடம் அபிஷா ஓடி வந்து, "மாமா, ஆண்டுவிழா நாடகத்துக்கு ஒரு ஆள் குறையுது, நடிப்பியளோ?" என்று கேட்டதும், "ஓம் பிள்ளை" என்றுவிட்டார். என்ன வேடம் என்ற யோசனை தேநீர் பாதி இறங்கிய பிறகுதான் வந்தது.

"அரசன் வேசம் மாமா."

யோகராசாவின் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"ஆனா, உரோமுக்குக் கீழை இருக்கிற அரசன்."

அபிஷா பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறவள். நாடகத்தை எழுதியவளும் அவள்தான். நின்ற நிலையிலேயே கதையைச் சொன்னாள். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ஆர்மீனியாவில் திரிதாத்து என்றொரு அரசன். உரோமோடு சண்டை வேண்டாமென்றால், அவன் தன் மணிமுடியை உரோமச் சக்கரவர்த்தி நீரோவின் கையால் வாங்க வேண்டும் என்று உடன்பாடு. கப்பலேறினால் சுருக்காகப் போய்விடலாம். ஆனால் கடல்நீரை அழுக்காக்குவது பாவம் என்பது அவன் நம்பிக்கை. ஆகவே ஒன்பது மாதம் குதிரையிலேயே போனான். பக்கத்துக் குதிரையில், பொன் தலைக்கவசம் போட்டபடி அவன் மனைவி. கடைசியில் ஊர்ச்சனம் முழுக்கப் பார்த்திருக்க, நீரோவின் முன்னால் மண்டியிட்டான்.

"நீரோவா ஆர் நடிக்கினம்?"

"பத்மநாதன் மாமா."

தேநீர் புரையேறிவிட்டது.

பத்மநாதன் மன்றத்தின் தலைவர். அதோடு யோகராசாவின் சம்பந்தி. வருகிற ஆனியில் அவர் மகன் நிலனுக்கும் யோகராசாவின் மகள் மயூராவுக்கும் கலியாணம். பத்துப்பேரின் வேலையைத் தனியாக இழுத்துப்போட்டுச் செய்கிற மனிதர். கெட்டவரில்லை, குரல்தான் பெரிது. மண்டபம் அவர் பார்த்தது, நாள் அவர் வைத்தது, மணவறையின் நிறம்கூட அவர் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் தொலைபேசியில் கேட்பார், "யோகர், சரிதானே?" யோகராசா சொல்வார், "ஓம் அண்ணை."

ஒன்றே ஒன்றுதான் யோகராசாவின் மனதில் முள்ளாகக் கிடந்தது. குரோருட்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இருபத்திரண்டு வருடமாக மீன் உருண்டையும் அவித்த உருளைக்கிழங்கும் செய்கிறவர் அவர். அங்கே வெள்ளைக்காரக் கிழவிகள் தட்டை வழித்துத் துடைத்து அனுப்புவார்கள். ஆனால் தமிழ்ச்சனம் அவர் கைச்சமையலைச் சாப்பிட்டதே இல்லை. மயூரா பிறந்த அன்றே முடிவு செய்திருந்தார், இவளுடைய கலியாணப் பந்தி என் கையால்தான் என்று. அதை வெளியில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பத்மநாதன் முந்திக்கொண்டார். "ஸ்தவாங்கர் பட்டினத்திலை என்ரை கூட்டாளி ஒருத்தர் நல்லாச் சமைப்பார். விழா முடிஞ்ச திங்கள் அவருக்கு முடிவு சொல்லவேணும். சரிதானே?"

பாழாய்ப்போன வாய் "ஓம்" என்றது.

"ஓம் எண்டது உங்கடை வாயோ, இல்லாட்டி அவரின்ரை வாயோ?" என்றாள் மனைவி உதயகுமாரி, காய் வெட்டியபடியே. "இப்ப நாடகத்திலையும் மண்டியிடப் போறியள். பொம்பிளை வீட்டுக்காரர் எண்டா இப்பிடித்தான் எண்டு சனம் சிரிக்கப் போகுது."

"நீயும்தானே நடிக்கிறாய்."

"நான் மண்டியிடேல்லை. நான் குதிரையிலை வாறன்."

பொன் தலைக்கவசத்துக்கு அவளுடைய சைக்கிள் தலைக்கவசத்தைத்தான் பொன்தாள் ஒட்டி வைத்திருந்தாள்.

முதல் ஒத்திகையில் காவலர் வேடக்காரர் வந்து அரசனிடம் வாளைக் கழற்றச் சொன்னார்கள். யோகராசா பழக்கதோஷத்தில் கழற்றக் கை வைத்தார்.

"கழற்றக்கூடாது மாமா!" அபிஷா மேடைக்கே ஓடிவந்தாள். "எல்லாத்துக்கும் ஓம் எண்ட மனுசன் இதுக்கு மட்டும் மாட்டன் எண்டவர். வாளைக் கழற்றவும் மாட்டன், ஆனா உங்களுக்குப் பயமெண்டா உருவவும் மாட்டன் எண்டு சொல்லி, உறையோடை சேர்த்து ஆணி அடிச்சுப்போட்டு, அதோடைதான் போய் மண்டியிட்டவர்."

யோகராசா பிடியிலிருந்து கையை எடுத்தார். "உண்மையாவே?"

"உண்மையா. எழுதி வச்சிருக்கினம்."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் ரயிலில் அவர் நான்கு தரிப்பிடம் தாண்டும்வரை காற்றில் ஆணி அடித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். ஐந்தாவதில், "கெட்டிக்காரன்," என்றார். எவனை என்று உதயகுமாரி கேட்கவில்லை.

விழாவுக்கான வாளை அவரே செய்தார். உருவப்போகாத வாளுக்கு அலகு எதற்கு? தன்னுடைய நீட்டுத் தட்டகப்பையை, பெரிய சட்டியில் வதக்கும்போது பிடிப்பதை, மட்டை உறைக்குள் செருகி, பிடியை வெளியே விட்டு, நான்கு சின்ன ஆணி அடித்தார்.

விழாவன்று பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் குளிர்ச்சட்டைகள் மலையாகக் கிடந்தன. நாடகமும் நன்றாகவே போனது. உதயகுமாரி மட்டைக் குதிரையில் வந்தபோது விசில் பறந்தது. நீரோ சிவப்புச் சால்வையோடு சிம்மாசனத்தில் இருந்தார். யோகராசா நடந்துபோய் மண்டியிட்டார். முழங்கால் 'டக்' என்றது.

"பேரரசே! என் முடி உங்கள் கையில். இந்த வாள் மட்டும் என்னோடு இருக்கும்."

"அப்படியே ஆகட்டும்," என்று நீரோ முடியைத் தூக்கினார்.

யோகராசாவின் கை தட்டகப்பைப் பிடியில் இருந்தது. அந்தப் பிடி கையில் பட்டால் அவருக்கு எப்போதும் ஒரு துணிச்சல். குரலைத் தாழ்த்தி, "அண்ணை, கலியாணச் சாப்பாடும்," என்றார்.

சட்டைக் கழுத்தில் ஒலிவாங்கி குத்தியிருந்ததை மறந்துபோனார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"என்ன கலியாணச் சாப்பாடு?" நீரோவின் செந்தமிழ் கழன்று விழுந்தது.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? "மயூரான்ரை கலியாணத்துக்கு நான்தான் சமைப்பன். ஸ்தவாங்கர் ஆள் வேண்டாம்."

சபையில் முதலில் ஒரு சிரிப்பு. பிறகு கைதட்டல். பத்மநாதன் முடியைத் தூக்கியபடியே யோசித்தார். "அது சரி. பொம்பிளையின்ரை தேப்பன் அடுப்படியிலை நிண்டால் ஆர் தாரை வாக்கிறது?"

கைதட்டல் நின்றுவிட்டது. நியாயமான கேள்வி. எல்லோரும் யோகராசாவைப் பார்த்தார்கள். அவர் தன் வாளைப் பார்த்தார், அந்த நான்கு ஆணிகளையும்.

"விடிய வெள்ளணச் சமைச்சு முடிச்சுப்போடுவன். முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னம் அடுப்பை நிப்பாட்டி, குளிச்சு, வேட்டியோடை வந்து நிப்பன். அதுக்குப் பிறகு அகப்பையைத் தொடமாட்டன்."

"தொட்டா நான் பாத்துக்கொள்ளுறன்," என்றது பொன் தலைக்கவசம்.

நீரோ சிரித்த சிரிப்பில் சிம்மாசனம் ஆடியது. "உதை அப்பவே சொல்லியிருக்கலாமே யோகர்! எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டால் எனக்கு எப்பிடித் தெரியும்? கலியாணத்திலையும் மீன் உருண்டைதான் வருமோ எண்டு எனக்குப் பயம் இருக்காதோ?"

"கலியாணத்துக்கு மரக்கறிதான் அண்ணை. வந்து ருசி பாருங்கோ."

"அப்படியே ஆகட்டும்!" முடி யோகராசாவின் தலையில் சரிந்து உட்கார்ந்தது. நீரோ கைகொடுத்துத் தூக்கப் பார்த்தார். முழங்கால் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. கடைசியில் இரண்டு காவலரும் ராணியும் சேர்ந்துதான் அரசனை எழுப்பினார்கள்.

"இது சரித்திரத்திலை இல்லை," என்று திரைக்குப் பின்னால் அபிஷா தலையில் கை வைத்தாள்.

முன்வரிசையில் இருந்து யாரோ கத்தினார்கள். "யோகர், கத்தரிக்காய் பொரிச்ச குழம்பு வைப்பியளோ?"

"ஓம்!" என்றார் யோகராசா. இந்த முறை, கேள்வி முழுதையும் கேட்ட பிறகு.

திரை விழுந்ததும், முடியைக்கூடக் கழற்றாமல், அவர் குறடு ஒன்று கேட்டு வாங்கி, ஒரு மூலையில் குந்தி, தட்டகப்பையை வெளியே எடுக்க நான்கு ஆணிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார்.