அண்ணன் வீட்டு வாசப்படி

மகாராணி என்று பெயர் வைத்தவர்கள் அவள் ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கப் போவாள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். போடி அரண்மனை வாசலில் அவள் வெற்றிலைத் தட்டோடு நின்றபோது, காவல்காரர் பெயரைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒங்க வீட்டுக்குள்ள போறதுக்கு எங்கிட்ட எதுக்குத்தா கேக்குறீக?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் ராக்கையா வருவாரோ மாட்டாரோ என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் அவளால் போக முடியாது. அம்மா காரியம் முடிந்த அன்று, அம்மா காதில் போட்டிருந்த தங்கத் தண்டட்டியைக் காணோம் என்று மதினி இவளை ஒரு பார்வை பார்த்தாள். அண்ணன் வாயில் கொழுக்கட்டையை வைத்தவர்போல நின்றார். இவளுக்கு வந்ததே கோபம். வாசலில் சூடத்தை ஏற்றி, "இனிமே இந்த வாசப்படியத் தாண்டுனா எம்மக ரோஜாவுக்கு ஆகாது" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு மலைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். தண்டட்டி பிறகு அரிசிப் பானைக்குள் கிடைத்தது. அணைத்த சூடம் அணைத்ததுதான்.

இப்போது அதே ரோஜாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணவறை ஏறக் கூடாது. அந்தத் தாய்மாமனையோ, அவர் வீட்டுக்குள் போய் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைக்க வேண்டும். தெருவில் பார்த்துச் சொன்னால் அது அழைப்பே இல்லை. பங்காளிகள் அவரை அனுப்ப மாட்டார்கள். மகாராணி பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் அரண்மனையைப் பிடித்தாள். பாளையக்காரர் உட்கார்ந்து ஆண்ட இடம், ஊர் வழக்கெல்லாம் தீர்ந்த இடம். அங்கே வைத்து அழைத்தால் எந்தப் பங்காளி வாய் திறப்பான்? அண்ணனுக்கு ஆள் விட்டாள். வருகிறேன் என்று பதில் வந்தது.

சொன்னபடி வந்தார். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. முன்னைக்கு இப்போது மெலிந்திருந்தார். இருவரும் உள்ளே போனார்கள். சுவர்களில் பழைய ஓவியங்கள் மங்கித் தெரிந்தன. சின்ன வயதில் இந்த மதிலோரம் நின்று, உள்ளே என்னதான் இருக்கும் என்று இருவரும் எட்டிப் பார்த்ததுண்டு. அது நினைவுக்கு வந்ததும் அவளுக்குக் கண் கரித்தது. ராக்கையா ஓவியத்தைப் பார்க்கவில்லை. கூடத்து வாசலில் குனிந்து நிலைப்படியைத் தடவிக்கொண்டிருந்தார். "எம்புட்டுப் பெரிய மரம் பாரு" என்றார்.

மகாராணி தட்டை நீட்டினாள். "அண்ணே, ஒம்மருமகளுக்குக் கல்யாணம். நீதான் வந்து நடத்தித் தரணும்."

அவர் தட்டைத் தொடவில்லை. "இங்க வேணாம் ஆத்தா. வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ."

"தெரிஞ்சுக்கிட்டே கூப்புடுறியா?"

"வீடு முந்தி மாதிரி இல்ல. வந்து பாரேன்."

அவளுக்குச் சுரீர் என்றது. வீட்டை இடித்துக் கட்டிய பெருமையைக் காட்ட இதுதானா நேரம்? "ஒன் டைல்சப் பாக்குறதுக்கு எம்மகளக் காவு குடுக்கச் சொல்றியா?" என்று கத்திவிட்டு, தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தாள். "ராணி, நில்லு, நான் என்ன சொல்ல வர்றேன்னா…" என்று பின்னால் குரல் கேட்டது. அவள் திரும்பவில்லை. அவளுக்கு முன்கோபம் மூக்கு நுனியில். அதனால் கெட்டதெல்லாம் போதாது என்று இதுவும் சேர்ந்தது.

மலைக்குப் போகும் ஜீப்பில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் மொக்கம்மாள், அண்ணன் தெருக்காரி. மடியில் மூடிய தட்டைப் பார்த்துவிட்டு, "என்னடி, அண்ணன் வீட்டுக்குள்ள போனியா இல்லையா?" என்று கேட்டாள்.

"எப்படிப் போவேன்?"

"அடிப் பாவி! காலையிலதான ஆசாரிய வச்சு நெலப்படியவே பேத்து எடுத்தாரு. நல்ல தேக்கு மரம், எதுக்குண்ணேனு கேட்டேன். 'படியே இல்லாட்டி எந்தங்கச்சி எதத் தாண்டுவா?'னு சிரிச்சாரு. வெளக்கு வைக்கிறதுக்குள்ள திருப்பி வச்சிரணுமாம். படி இல்லாம ராத் தங்குனா வீட்டுச் சீதேவி வெளிய போயிருவாளாம்."

மகாராணி "நிப்பாட்டுப்பா, நிப்பாட்டு!" என்று டிரைவர் தோளைத் தட்டினாள். ஜீப் கொண்டைஊசி வளைவில் முனகிக்கொண்டிருந்தது. "இங்க நிப்பாட்டுனா எல்லாரும் பள்ளத்துலதான் கெடக்கணும். மெட்டுல எறங்கிக்கங்க" என்றான் அவன்.

போடிமெட்டில் இறங்கி, கீழே வரும் பஸ்சுக்குக் காத்து நின்றாள். பஸ் வந்தது. ஆனால் ஏலக்காய் லோடு லாரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஊர்ந்தது. வெயில் மலையை விட்டு இறங்கிப் போவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வழி நெடுக அதனிடம் கெஞ்சினாள். அண்ணன் கூப்பிட்டபோது ஒரே ஒரு தடவை திரும்பியிருந்தால் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருந்திருக்காது.

தெருவுக்குள் ஓடினாள். அண்ணன் வீட்டு வாசலில் ஆசாரி உளிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நிலைப்படி இருந்த இடத்தில் இருந்தது. அதில் மஞ்சள் ஈரமாக இருந்தது. உள்ளே மதினி விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்க எடுங்க ஆசாரியாரே. ஒரு நிமிசம் போதும்" என்றாள்.

"நெல ஆடிப்போச்சும்மா. இனிப் பேத்தா செவுரே கையோட வந்துரும்" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ராக்கையா உள்ளிருந்து வந்து படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். அவள் இந்தப் பக்கம், தெரு மண்ணில் உட்கார்ந்து தட்டைக் கீழே வைத்தாள். வெற்றிலை வாடிப்போயிருந்தது. ரோஜாவுக்கு யார் மாலை எடுத்துக் கொடுப்பார்கள் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"அரண்மனையிலயே சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொன்னேனே ஆத்தா, வீடு முந்தி மாதிரி இல்லன்னு."