கடுவனின் மிச்சத் தூக்கம்

1963 பிப்ரவரியில், செம்பூர் சதுப்பில் மயக்க ஊசி போட்ட ஒரு காட்டுப்பூனையின் தூக்கத்தில் பாதியைத் தாராவி அன்னமேரி தூங்கினாள். அதற்கு முன் ஏழு வருஷமாக அவள் தூங்கியதே இல்லை. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வந்தவள், தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் முதல் லோக்கல் ரயில் போன சத்தத்துக்கு விழித்தாள், விழித்ததுதான். சந்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் எழுப்பிவிடச் சொல்லி அவளிடம் சொல்லிவைப்பார்கள்.

அவள் புருஷன் மிக்கேல்ராஜ் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். மாட்டுங்காவிலிருந்த ஆராய்ச்சிக்காரர் கணேசபாண்டியன், காட்டுப்பூனைகளுக்குச் சிவப்புக் கழுத்துப்பட்டை கட்டி, அவை எவ்வளவு தூரம் நடக்கின்றன என்று எழுதிவந்தார். ஊசி போடுவது மிக்கேல்ராஜ். மயங்கிய பூனைக்குக் கண் மூடாது, ஈரத்துணியால் மறைக்க வேண்டும். வெயில் படக்கூடாது. அது எழுந்து நடக்கும்வரை ஒருவர் கண்ணயராமல் மூச்சை எண்ண வேண்டும். இதற்கு அன்னமேரியை விட்டால் பம்பாயில் வேறு ஆள் ஏது? பதினாறு பூனைகள் அவள் மடியில் மயங்கின. பதினாறும் எழுந்து போயின.

பதினேழாவது ஒரு பெரிய கடுவன் பூனை. அன்றைக்குப் பார்த்து ஸ்பிரிங் தராசு உடைந்திருந்ததால், மளிகைக்கடை வானமாமலையின் தராசை மிக்கேல்ராஜ் இரவல் வாங்கி வந்திருந்தான். நாடே கிலோவுக்கு மாறியபிறகும், அரைக் கிலோகூட வராத ராத்தல் கல்லை விடாத பிடிவாதக்காரர் வானமாமலை. மிக்கேல்ராஜ் பன்னிரண்டு என்றான். கணேசபாண்டியன் பன்னிரண்டு கிலோவுக்கு மருந்து சொன்னார். இரண்டு மடங்குக்கும் மேலே மருந்து ஏறிவிட்டது. நிமிஷத்துக்கு இருபதாக இருந்த மூச்சு நாலுக்கு இறங்கிய பிறகுதான் மிக்கேல்ராஜ் கல்லைத் திருப்பிப் பார்த்தான். முறிமருந்து கிடையாது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

அன்னமேரி கடுவனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். “ஏல, ஒனக்கு இம்புட்டுத் தூக்கம் ஆவாது. மிச்சத்த எனக்குத் தா.”

பூனையின் மூச்சு ஆறானது, பத்தானது. அவள் கண் மூடியது. மத்தியானம் எழுந்த கடுவன் ஓடிப்போகவில்லை. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் அவள் விழித்து, மணி என்ன என்று கேட்ட பிறகே கோரைப் புல்லுக்குள் போனது. அந்த ஒரு பகலில் அவளுக்கு ஏழு வயசு குறைந்திருந்தது என்று சந்தில் எல்லோரும் சொன்னார்கள்.

அதன்பிறகு கிலோக்கல், சரியான அளவு. மிச்சம் விழவில்லை, அவளுக்குத் தூக்கமும் இல்லை. பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்த மிக்கேல்ராஜ், ஒருநாள் ஊசியில் ஒரு சொட்டு கூடுதலாக ஏற்றினான். அவள் பார்த்துவிட்டாள்.

“பூன உசுர எடுத்தா நான் தூங்கணும்? கொறைங்க.”

அவன் குறைத்தான்.

அறுபத்தெட்டில் சதுப்பை மண்கொட்டி மேடாக்கி வீடுகள் கட்டினார்கள். கணேசபாண்டியன் நோட்டை மூடினார். கோரை மணமும் விடியற்காலைப் பனியும் அதோடு போயின. அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டு இருவரும் படுத்திருந்த மத்தியானத்தில், வெளுத்த சிவப்புப் பட்டையோடு ஒரு கிழட்டுக் கடுவன் தண்டவாளத்தைத் தாண்டி வந்தது. கட்டிலில் ஏறி, அன்னமேரியின் காலடியில் சுருண்டு, தூங்க ஆரம்பித்தது. லோக்கல் ஒன்று வீட்டை அதிர வைத்துப் போனது. அன்னமேரி கொட்டாவி விட்டாள். கண் மூடியது.

மிக்கேல்ராஜ் இரண்டு பேர் மூச்சையும் எண்ணிப் பார்த்தான். பிறகு காலை மடக்கி, பூனைக்குக் கொஞ்சம் இடம் விட்டுக் கொடுத்தான்.