முந்நூற்று நாற்பது கிராம்

ஐம்பது வருடமாகக் காடு மேடு ஏறும் மோட்டார் சைக்கிள்களைச் செய்துகொண்டிருந்த அந்தக் கம்பெனிக்குப் போன வருடம் திடீரென்று வரலாறு தேவைப்பட்டது. அதுவரை அவர்களிடம் இருந்தது வெறும் பழைய சங்கதிகள். அவற்றை வரலாறாக மாற்றித் தருவதற்கு விளம்பர நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு மனிதரைப் பிடித்து வந்தார்கள். தொழிற்சாலையில் எல்லோரும் அவரை 'வரலாறு' என்றே கூப்பிட்டார்கள். அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

கம்பெனியைத் தொடங்கிய பெரியவர் முதலில் தண்ணீர் பம்புகள்தான் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளோடு ஒரு பள்ளத்தில் விழுந்தார். டிராக்டரில் கயிறு கட்டித்தான் ஆளையும் வண்டியையும் வெளியே எடுத்தார்கள். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புப் பொறுக்க மாட்டாமல்தான், பள்ளத்திலிருந்து தானே ஏறி வரும் வண்டியைச் செய்யப் புறப்பட்டார். வரலாறு எழுதிய புத்தகத்தில் இந்தப் பள்ளம் மலையுச்சியாகிவிட்டது. அதன்மேல் பெரியவர் விடியற்காலை வெளிச்சத்தில் நின்று தொலைதூரத்தைப் பார்க்கிறார். டிராக்டரைக் காணோம்.

பதினெட்டாவது வருடம் மலை ஓட்டத்தில் கம்பெனி முதலிடம் பிடித்தது. காடு, ஆறு, சரளைக்கல் சரிவு என்று மூன்று நாள் போட்டி. பெரிய பெரிய வெளிநாட்டு வண்டிகளெல்லாம் சேற்றில் படுத்துக்கொண்டபோது, இந்தச் சின்ன வண்டி மட்டும் தத்தித் தத்தி வந்து சேர்ந்தது. ஜெயித்த வண்டியைப் பெரியவர் தன் வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். அவர் போன பிறகும் அது அங்கேயே நின்றது. இப்போது அருங்காட்சியகம் கட்டியாகிவிட்டது. அந்த வண்டியின் ஃபிரேமை நெடுக்காக இரண்டாக அறுத்து, உள்பக்கம் தெரியும்படி நிறுத்த வேண்டும் என்பது வரலாற்றின் யோசனை. பக்கத்தில் வைக்கும் பலகைகூட எழுதித் தயாராக இருந்தது: 'உள்ளே இருப்பது காற்றும் கனவும்.'

எங்கே அறுப்பது என்று கோடு போட்டுத் தர, ஓய்வு பெற்று மூன்று வருடமான தையல்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தையல்காரர் ஊசியைத் தொட்டதே இல்லை. வெல்டர். அவர் பற்றவைத்த இணைப்பு, எண்ணி எண்ணிப் போட்ட தையல்போல வரிசையாக இருக்கும் என்பதால் வந்த பெயர். நெடுக்காகத்தான் அறுக்க வேண்டுமா என்று இரண்டுமுறை கேட்டார். அந்த ஃபிரேமுக்குள் காற்று மட்டும் இல்லை என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

பெரியவருக்கு எடை என்றால் ஜென்மப் பகை. மேசையில் எப்போதும் ஒரு தராசு இருக்கும். எந்தப் பாகத்தைக் கொண்டுபோனாலும் அதில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு ஓட்டை போடு" என்பார். பிரேக் மிதியில் ஓட்டை, சங்கிலி மூடியில் ஓட்டை, நட்டின் தலையில்கூட ஓட்டை. "விட்டா நம்ம தலையிலயும் போட்டுருவாரு" என்று வெல்டிங் பிரிவில் பேசிக்கொள்வார்கள். "உனக்கு வேணாம்டா, ஏற்கனவே இருக்கு" என்று பதில் வரும்.

ஹேண்டில் வந்து சேரும் கழுத்தில் ஆறு ஓட்டை போடச் சொன்னபோதுதான் தையல்காரருக்குப் பயம் வந்தது. பயிற்சி வண்டியில் அதே இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் கண்டிருந்தார். போய்ச் சொன்னார். பெரியவர் தராசைத் தள்ளி வைத்து, "விரிசல் எத்தனை கிராம்?" என்று கேட்டார்.

அந்த வண்டியை ஓட்டப்போகிறவன் தையல்காரரின் மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. தாய் இல்லாத பிள்ளையை அக்காதான் தலை துவட்டி, பாடம் சொல்லி வளர்த்தாள். அவன் எந்தப் பள்ளத்தையும் தாவிவிடுவான் என்பதால் ஊரே அவனைத் தவளை என்றது. தையல்காரர் யாரிடமும் மூச்சுவிடாமல் கழுத்துக்குள் இரண்டு தகடுகளை வைத்துப் பற்றவைத்தார். அரம் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து மூடினார். தகடுகள் முந்நூற்று நாற்பது கிராம். பெரியவர் முழு வண்டியையும் தானே எடை போடுவார் என்பதால், சீட்டுக்குள்ளிருந்த பஞ்சில் பாதியை உருவினார். மீதிக்குக் கருவிப் பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துவிட்டார். கணக்குச் சரியாக வந்தது.

மச்சினன் மூன்று நாளும் தகரத்தின்மேல் உட்கார்ந்து ஜெயித்தான். கோப்பையோடு வந்தவன் ஒரு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தான். "அத்தான், அந்த சீட்ல பஞ்சு வச்சீங்களா, இல்ல பஞ்சுன்னு எழுதி ஒட்டினீங்களா?" என்று கேட்டான்.

ஓட்டைகளால்தான் ஜெயித்தோம் என்று பெரியவர் முடிவுகட்டினார். அடுத்த வருடத்துக்கு எட்டு ஓட்டை. வெற்றிக்குப் பரிசாகத் தையல்காரர் ஃபோர்மேன் ஆனார். மேசை, நாற்காலி, சட்டைப்பையில் இரண்டு பேனா. மச்சினன் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, "இதுலயாவது பஞ்சு இருக்கே" என்றான். போட்டி வண்டியைப் பற்றவைக்கும் வேலை வேறொருவன் கைக்குப் போயிற்று. இப்போது தகடு வைக்க வேண்டுமென்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். போன வருடம் ஜெயித்தது உங்கள் ஃபிரேம் இல்லை என்று பெரியவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தார். ஒரே ஒருமுறை, "எட்டு கொஞ்சம் அதிகங்க" என்றார். "போன தடவையும் இதையேதானே சொன்னே" என்றார் பெரியவர். அதோடு சரி.

அந்த வருடப் போட்டியின் இரண்டாம் நாள், சரிவில் கழுத்து முறிந்தது. வண்டியினுடையது முதலில், மச்சினனுடையது அடுத்து. அவசரப்பட்டு ஓட்டிவிட்டான் என்று கம்பெனி அறிக்கை விட்டது. கம்பெனி அனுப்பிய மாலையை அக்கா வாசலோடு திருப்பி அனுப்பினாள். "அந்தாளுதான் என் தம்பியைக் கொன்னான்" என்று முப்பத்தொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருடமும் தையல்காரர் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார்.

"கழுத்துல வேணாம் சார்" என்றார் இப்போது, ஃபிரேமின் முன்னால் சுண்ணக்கட்டியோடு நின்று. "பின்பக்கமா அறுத்தா பார்க்க நல்லாருக்கும்."

"பின்பக்கத்தை யாருங்க பார்ப்பாங்க?" என்றார் வரலாறு. பெரியவரின் மகனான சின்னவரும் தலையாட்டினார். அப்பா செய்த எதையும் ஓட்டிப் பார்த்திராத மகன். தலையாட்டுவதில் மட்டும் தேர்ச்சி.

அறுத்தார்கள். பாதி பிரிந்து வந்ததும் கழுத்துக்குள் இரண்டு தகடுகள், பல் போல, வெளுப்பாகத் தெரிந்தன. பலகையில் எழுதியிருந்த காற்றும் கனவும் சுவரோரமாகச் சாய்ந்து நின்றன.

"என்ன இது?" என்றார் சின்னவர்.

வரலாறு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் அருள் வந்திருந்தது. "சார், இது பெரியவரோட ரகசியக் கவசம்! எல்லாரும் எடையைக் குறைக்கிறப்போ, வீரனோட உயிருக்காக அவர் மட்டும் மறைச்சு வச்ச கவசம்!" பிறகுதான் நினைவு வந்தவராக, "நீங்கதானே பற்றவச்சது? அவர் சொல்லித்தானே?" என்று கேட்டார்.

ஒரே நொடிதான். நானாக வைத்தேன் என்று சொன்னால் செய்தி சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடும். பெரியவர் தலையில் போட்டால், முப்பத்தொரு வருடமாக அங்கேயே இருக்கிற பழி இன்னும் கொஞ்சம் கனக்கும். செத்தவருக்கு எடை என்ன செய்யும்?

"ஆமாங்க, அவர் சொல்லித்தான்" என்றார் தையல்காரர்.

மறுவாரம் அழைப்பிதழ் வந்தது. ரகசியக் கவசத்தைப் பற்றவைத்த கைகளுக்கு மேடையில் மரியாதை. மனைவி அதைக் கண்ணாடி போட்டு இரண்டுமுறை படித்தாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

"நானும் வர்றேன்" என்றாள்.

"நீயா? அந்த கேட்டைத் தாண்ட மாட்டேன்னு சொன்னியே."

"ஒரு கேள்வி கேக்கணும். எல்லாரும் இருக்கிற இடத்துல."

"கூட்டமா இருக்கும். உனக்கு முட்டி வலி வேற."

"கேள்வி வாயால கேக்குறது. முட்டிக்கு என்ன?"

என்ன கேள்வி என்று அவர் கேட்கவில்லை. சட்டையைத் தேய்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

விழா மண்டபத்தில் அறுத்த வண்டி விளக்குகளுக்கு நடுவே நின்றது. புதுப் பலகை: 'அன்பே கவசம்.' சின்னவர் அப்பாவின் கருணையைப் பற்றி இருபது நிமிடம் படித்தார். கவசம் என்ற இடத்தில் கண்ணைத் துடைக்கும்படி குறிப்பு இருந்திருக்க வேண்டும், இரண்டு இடத்தில் துடைத்தார். பிறகு வரலாறு ஒலிபெருக்கியை வாங்கி, யாருக்காவது கேள்வி உண்டா என்று, இருக்காது என்ற நம்பிக்கையில் கேட்டார்.

அவள் எழுந்தாள்.

"தகடு வைக்கலேன்னா கழுத்து தாங்காதுன்னு உங்க பெரியவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் வைக்கச் சொல்லியிருக்காரு. சரி. அப்போ அடுத்த வருஷம் என் தம்பி ஓட்டின வண்டியில அது ஏன் இல்ல?"

சின்னவர் தண்ணீர் குடித்தார். வரலாறு, "நல்ல கேள்விம்மா" என்றார். பதில் இல்லாதவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அதுதான். ஆனால் அவர் தொழில் தெரிந்தவர், பதில் வந்துவிட்டது. "பெரியவரோட உத்தரவு மாறவே இல்லம்மா. அதை அடுத்த வண்டியில செய்யாம விட்டது வெல்டிங் பிரிவு. அப்போ ஃபோர்மேனா இருந்தது யாருன்னு பதிவேட்டைப் பார்த்துத் தெரியப்படுத்துறோம்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தான் எழுதிய வரலாற்றைத் தான் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்குப் பதிவேடு தேவைப்படவில்லை. கணவர் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். முன்வரிசையைப் பார்த்தபடியே, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அந்தாளு சொல்லியா வச்சீங்க?"

தையல்காரர் தன் கைகளைப் பார்த்தார். "இல்ல. அவருக்குத் தெரியாது. நானா வச்சது."

"அப்போ விரிசல் விடும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அடுத்த வண்டியில தகடு இல்லேன்னும் தெரியும்."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எத்தனை நாள்?"

"ஏழு மாசம்."

வகுப்பில் ஒரு பையன் தவறான விடையைத் துணிந்து சொன்னதுபோல அவள் தலையை ஒருமுறை அசைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மேடையிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். கைதட்டல் எழுந்தது. பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வழிவிட்டு, "போங்கண்ணே, உங்களைத்தான்" என்று முதுகில் தட்டி அனுப்பினார். கால்கள் அவரைக் கேட்காமலே படியேறின. கேடயத்தைக் கையில் கொடுத்து, கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். சின்னவர் அவர் தோளில் கைபோட்டு, இன்னும் கொஞ்சம் சிரிங்க என்றார்.

கேமராவுக்குப் பின்னால் அவள் இருக்கையை விட்டு எழுந்து, விளக்குகளுக்கு நடுவே போய் நிற்பது அவருக்குத் தெரிந்தது. அறுத்த கழுத்தின் உள்ளே கையை விட்டு, முதல் தகட்டை விரலால் தடவினாள். பிறகு இரண்டாவதை.

"தொடக்கூடாதும்மா" என்றான் காவலாளி. "காட்சிப் பொருள்."

அவள் கையை எடுக்கவில்லை.